ஆண் குருளையோ, பெண் குருளையோ?

உலகில் மாந்தர் ஆராய்ந்து தெளியவேண்டிய விஷயங்கள் எண்ணிறந்தன. அவற்றின் வரிசையில், வீட்டிற்குக் கொணரும் நாய்க்குட்டி ஆணாயிருத்தல் நன்றோ, பெண்ணாயிருத்தல் நன்றோ என்னும் வினாவையும் சேர்த்து ஒரு வியாசம் எழுதப் புகுந்தோம் என்றால், இம்மலரை வாசிக்கும் அன்பர்கள் நகைக்கக்கூடும். யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே நகைத்தவர்கள்தாம். அந்நகைப்புக்கு எம் இல்லத்தார் கொடுத்த விலை சிறிதன்று. வாயற்ற ஒரு ஜீவன் கொடுத்த விலையோ அதனினும் பெரிது. ஆகையால், நாய் வளர்க்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஓரளவு பயன்படும் என்று கருதி, எம் அநுபவத்தை உள்ளவாறே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் இல்லம் வடசென்னையைச் சேர்ந்த கொருக்குப்பேட்டையில் உள்ளது. சென்னை சென்ட்ரலினின்று கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் மின்சார வண்டி, பேசின் பாலத்தை விட்டதும் அடுத்து நிற்கும் நிலையம் இதுவே. கிழக்கே தண்டையார்ப்பேட்டையும் அதற்கப்பால் காசிமேட்டு மீன்பிடித் துறையும் உள்ளன. சரக்கு வண்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஓசை இரவு முழுதும் கேட்கும். ரயில்வே கேட்டில் மணிக்கணக்காகக் காத்து நின்ற அநுபவம் இவ்வூரார் எவர்க்கும் உண்டு. மனிதர் காத்து நிற்க, நாய்கள் மட்டும் தண்டவாளத்தைத் தாண்டித் தம் வழியே போய்க்கொண்டிருக்கும். எம் வீடு இரண்டு அறைகளும், ஒருவர் பின் ஒருவராக நடக்கத்தக்க ஒரு குறுகிய நடையும், பின்புறம் ஒரு சிறு முற்றமும் உடையது. இவ்வளவுகளை யாம் வீணே கூறவில்லை. பின்னர் நேர்ந்ததற்கு அந்நடையின் அகலமும் ஒரு காரணமாயிற்று.

இல்லத்தில் எம்மையன்றி இருவர் உளர். ஒருவர் எம் பாட்டியார். வடசென்னை வழக்கில் அவரை 'ஆயா' என்போம். மற்றவர் எம் தமக்கையார். ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிபவர்.

தொல்காப்பியத்தின் மரபியல் நாயின் குட்டியைக் 'குருளை' என்னும் பெயரால் சுட்டுகின்றது. புலிக்கும் முயலுக்கும் பன்றிக்கும் அப்பெயர் பொது. பெண் நாய்க்குப் 'பிணவு' என்று பெயர். புலிக்குட்டியோடு ஒரு வரிசையில் வைத்து நாய்க்குட்டிக்கும் பெயர் வகுத்த அப்பழைய மரபில் பெண்மைக்கு யாதோர் இழிவும் ஏற்றப்படவில்லை. இன்றோ, எம் தெருவில் பெண் நாயைக் குறிக்கும் 'பொட்டை' என்னும் சொல், கோழையான ஆடவனை வைவதற்கும் பயன்படுகின்றது. சொல் இழிந்தமையால் பொருள் இழிந்ததோ, பொருளை இழிவாக எண்ணியமையால் சொல் இழிந்ததோ அறியோம். இக்கட்டுரையின் இறுதியில் அச்சொல் மீண்டும் ஒருமுறை எம் செவியில் விழும்.

2014-ஆம் ஆண்டில், சரக்கு நிலையத்தின் அருகிலிருந்த தேநீர்க் கடையின் பின்புறம் கிடந்த ஒரு செந்நிறக் குட்டியை எம் தமக்கையார் எடுத்து வந்தார். அதற்குச் செம்மி என்று பெயரிட்டோம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் நாட்டில் புகழ்பெற்ற நாய்ச் சாதிகள் உண்டு. இராஜபாளையத்து நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையார் தபால் தலையே வெளியிட்டனர். எம் செம்மிக்கோ அத்தகைய குலப்பெருமை ஒன்றும் இல்லை; தெருவில் பிறந்த பெண் நாய், அவ்வளவே. ஆயினும் வீட்டின் ஒழுங்கு முழுதும் தன் பொறுப்பென்று கருதி நடந்துகொண்டது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், செம்மிக்கு ஒரு துணை வேண்டும் என்று யாமே எண்ணினோம். செம்மி கேட்கவில்லை என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். துணை ஆணா பெண்ணா என்னும் வினா எழுந்தபோது யாம் ஒரு கணக்குப் போட்டோம். ஆண் வந்தால் குட்டிகள் பிறக்கும். பெண் வந்தால் பிறக்கமாட்டா. பெண் நாய் இயல்பாகவே சாது. ஆகவே இரண்டும் பெண்ணாயிருந்தால் அக்காளும் தங்கையும்போல் வாழும். கருத்தடை செய்யும் சிரமமும் இல்லை. இக்கணக்கில் கூட்டலும் கழித்தலும் சரியாகவே இருந்தன. ஆனால் கணக்கின் முதல் வரியே பிழை என்பதை யாம் அறிந்திலோம். அறிந்தவர் ஒருவரையும் கேட்டிலோம்.

அவ்வாறு 2016-ஆம் ஆண்டில் வெள்ளை என்னும் பெண் குருளை எம் இல்லம் புகுந்தது. முதல் ஆறு மாதமும் எம் கணக்கை மெய்ப்பிப்பதுபோலவே நடந்தன. செம்மி தன் கம்பளத்தில் அதற்கு இடம் கொடுத்தது. அது காதைக் கடித்து இழுத்தாலும் பொறுத்தது. தாயும் சேயும் என்று தெருவார் வியந்தனர்.

எட்டாம் மாதத்தில் வெள்ளைக்கு முதற்பருவம் வந்தது. தண்டவாளத்திற்கு அப்பாலிருந்தெல்லாம் ஆண் நாய்கள் வந்து எம் வாயிலில் காவல் கிடந்தன. வீட்டினுள்ளே வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. நடையில் எதிர்ப்படும்போது செம்மி அசையாமல் நின்று வெள்ளையை உற்றுநோக்கத் தொடங்கிற்று. வெள்ளையும் முன்போல் தலை தாழ்த்தி ஒதுங்காமல் எதிர்த்து நின்றது. ஓசை ஒன்றும் இல்லை. ஆகையால் யாம் அதனை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. நாய்களிடையே குரைப்பினும் அஞ்சத்தக்கது அவ்வாறு விறைத்து நிற்கும் மௌனமே என்பதைப் பின்னரே கற்றோம்.

ஒரு நாள் ஆயா காசிமேட்டிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டும் வரவேற்க ஓடின. அக்குறுகிய நடையில், கூடையின் அருகே, இரண்டிற்கும் சேர்ந்து நிற்க இடமில்லை. கண் இமைக்கும் நேரத்தில் சண்டை மூண்டது. செம்மியின் காது கிழிந்தது. விலக்குவதற்காகக் கையை நீட்டிய ஆயாவின் மணிக்கட்டில் எதன் பல் பதிந்தது என்பது ஒருவர்க்கும் தெரியாது. இரண்டு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தபோதிலும், தமக்கையார் ஆயாவை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நாய்க்கடிக்குரிய ஊசிகள் அனைத்தையும் தவணை தவறாமல் போடுவித்தார்.

அதன்பின் இரண்டு சண்டைகள் நிகழ்ந்தன. மூன்றாவதில் வெள்ளையின் முன்னங்கால் ஊனமுற்றது. இரண்டு அறையுள்ள வீட்டில் இரண்டு நாய்களை எவ்வளவு நாள் பிரித்து வைத்தல் இயலும்? ஒன்று அறைக்குள் இருக்க மற்றொன்று முற்றத்தில் ஊளையிடும். இறுதியில் மீஞ்சூருக்கு அருகே உறவினர் ஒருவரின் தோட்டத்திற்கு வெள்ளையை அனுப்பினோம். அங்கே அது சரியாக உண்ணவில்லை என்று செய்தி வந்தது. பன்னிரண்டாம் நாள் இரவு கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு என்று இருப்புப் பாதையை ஒட்டிப் பல நாள் தேடினோம். அகப்படவில்லை. வீடு இருக்கும் திசையை அறிந்து, தண்டவாளத்தின் ஓரமாகவே தெற்கு நோக்கி நொண்டி நடந்திருக்கும் என்று ஆயா இன்றும் சொல்லுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் யாம் வேறு பேச்சைத் தொடங்குவோம்.

நிற்க. குதிரை ஓடியபின் இலாயத்தைப் பூட்டுவார்போல, வெள்ளை போனபின் யாம் அறிவு தேடப் புறப்பட்டோம். 1903-ஆம் ஆண்டு தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இன்று வேப்பேரியில் உள்ளன. காலை வேளையில் அங்கே நாயும் பூனையும் ஆடுமாக வரிசையில் நிற்கும் கூட்டம் ஓர் அரிய காட்சி. செம்மியை அங்கே கொண்டு சென்றபோது மருத்துவர் ஒருவர் பொறுமையுடன் எமக்கு விளக்கிய செய்திகளைச் சுருக்கி உரைப்போம்.

பெண் நாய்க்குப் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் முதற்பருவம் வரும். அதன்பின் ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு மாதத்திற்கு ஒருமுறை அது திரும்பும். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் போல் நீடிக்கும். கருவுற்றால் ஏறக்குறைய 63 நாளில் குட்டிகள் பிறக்கும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரக்கூடும். காலத்தில் அறுவை செய்யாவிடில் அது உயிரைக் கொள்ளும். எனவே ஆண் துணை வீட்டில் இல்லை என்பது கருத்தடையைத் தவிர்ப்பதற்குக் காரணம் ஆகாது.

ஆண் நாய்க்குப் பருவம் என்று தனியே ஒரு காலம் இல்லை. அயலில் ஒரு பெண் நாய்க்குப் பருவம் வந்தால் போதும். அதன் வாசனை நெடுந்தொலைவிலிருந்தே அதனை இழுக்கும். கட்டை அறுக்கும்; மதில் தாண்டும்; வண்டிகளிடையே ஓடும். கண்ட இடத்தில் கால் தூக்கி எல்லை வகுக்கும். கருத்தடை இவ்வலைச்சலைப் பெரிதும் குறைக்கும். ஆனால் பழகிவிட்ட சண்டைக் குணத்தை முழுதும் மாற்றிவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

இனி, ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் வாழும் வீட்டின் நிலை யாது? அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து விலங்கு மருத்துவர்கள், ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டே தம்முள் சண்டையிட்ட 38 நாய் இணைகளை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 79 இணைகள் ஒரே பாலைச் சேர்ந்தவை. நூற்றுக்கு 68 இணைகளில் ஒன்றேனும் பெண். சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் பின்னர் வந்ததும் வயதில் இளையதுமான நாயே. உணவு, வீட்டாரின் கவனம், வரவேற்கும்போது எழும் கிளர்ச்சி முதலியனவே சண்டை மூளும் தருணங்கள். இதை வாசித்தபோது, ஆயாவின் மீன்கூடை அவ்விடத்தில் இருப்பதுபோலவே எமக்குத் தோன்றிற்று. இவ்விணைகள் சண்டையின் காரணமாகவே மருத்துவரிடம் வந்தவை. ஆகையால் ஒரு பாலான நாய்கள் யாவும் சண்டையிடும் என்று இதனால் முடிவு கட்டுதல் கூடாது. எத்தனையோ வீடுகளில் இரண்டு பெண் நாய்கள் ஒரே தட்டில் உண்கின்றன. ஆனால் மாறுபட்ட பாலினவாயின் இடர் குறைவு என்பது மட்டும் தெளிவு. அதனினும் தெளிவானது ஒன்றுண்டு: 'ஆண் நல்லதோ, பெண் நல்லதோ' என்று பொதுவில் கேட்பது பயனற்ற வினா. 'இவ்வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாய்க்கு எது பொருந்தும்' என்பதே கேட்கவேண்டிய வினா.

அவ்வறிவின்படியே 2017-ஆம் ஆண்டில் கருப்பன் என்னும் ஆண் குட்டியைக் கொணர்ந்தோம். செம்மிக்குக் கருத்தடை முன்னரே ஆயிற்று. கருப்பனுக்கும் உரிய வயதில் செய்வித்தோம். தனித்தனித் தட்டு, தனித்தனி மூலை, வெளியிலிருந்து வருவோர் நடையில் நிற்காமல் முற்றத்திற்குச் சென்றபின்னரே நாய்களை அழைத்தல் என்னும் விதிகளை ஆயா தாமே வகுத்தார். கருப்பன் இயல்பில் அடங்கி நடப்பது. செம்மி உறுமினால் புரண்டு வயிற்றைக் காட்டிவிடும். ஆறு ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் மிக்ஜாம் புயல் வந்தது. வடசென்னையின் பல பகுதிகளைப்போல எம் பகுதியும் நீரில் நின்றது. வெள்ளம் வடிந்தபின், சரக்கு நிலையத்து மதிலோரம் ஒரு சாக்குக் குவியலின்மேல் ஐந்து குட்டிகளைக் கண்டோம்; தாயைக் காணோம். மூன்று ஆண், இரண்டு பெண். வயது ஏறக்குறைய ஆறு வாரம் இருக்கலாம். அவற்றை ஒரு பெட்டியில் இட்டு எம் வாயிலில் வைத்துப் பாலூட்டி வந்தோம்.

அவ்வழியே சென்றோர் பலர் நின்று பார்த்தனர். வளர்க்க விரும்பியோர் குனிந்து ஒரு குட்டியைத் தூக்குவர், அடிவயிற்றைப் பார்ப்பர், பெண்ணென்று கண்டால் மீண்டும் பெட்டிக்குள் வைப்பர். எவரும் கொடியவரல்லர். குளிரில் நடுங்கிய குட்டியைத் தம் துண்டால் துடைத்துவிட்டே கீழே வைத்தவர்களும் உண்டு. இரண்டு நாளில் இரண்டு ஆண் குட்டிகள் போயின. மூன்றாம் நாள் பெண் குட்டிகளுள் ஒன்று நோயுற்று இறந்தது. எஞ்சியவை ஓர் ஆணும் ஒரு பெண்ணும்.

மூன்று நாய்க்கு மேல் எம் வீடு தாங்காது. ஆகவே இரண்டில் ஒன்றையே யாம் ஏற்றல் கூடும். எதனை?

ஆயாவின் கருத்து உடனே வந்தது. "பொட்டை வேணாம் கண்ணு. வருசத்துக்கு ரெண்டு தபா குட்டி போடும். அதுங்களைத் தூக்கிட்டு யார் வீட்டு வாசல்லே போய் நிக்கறது?" என்றார். ஆயாவின் இளமையில் இச்சொல்லுக்கு ஒரு நியாயம் இருந்தது. அக்காலத்தில் தெருநாய்களை வண்டியில் பிடித்துச் சென்று கொல்வதே மாநகராட்சியின் முறை. குட்டிகள் பெருகினால் அவை சேரும் இடம் எது என்பது எல்லார்க்கும் தெரியும். பெண் குட்டியை ஏற்காதிருத்தல், பின்வரும் பல சாவுகளைக் காணாதிருப்பதற்கு ஏழை மக்கள் அறிந்த ஒரே வழியாயிருந்தது. 1959-இல் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தார் பல்லாண்டுகள் வற்புறுத்தியதன் பயனாக, 1996-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி கொல்லும் முறையைக் கைவிட்டுக் கருத்தடை முறையை மேற்கொண்டது. 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு அதனை நாடு முழுமைக்கும் விதியாக்கியது. 2023-ஆம் ஆண்டில் புதிய விதிகள் வெளிவந்தன. காதின் நுனியில் சிறு வெட்டுடன் திரியும் தெருநாய்கள் யாவும் அவ்வாறு கருத்தடை செய்யப்பட்டவையே. எம் பேட்டைக்கு அண்மையில், புளியந்தோப்பிலேயே அதற்குரிய மாநகராட்சி நிலையம் உண்டு. ஆகவே ஆயா கூறிய காரணம் மறைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. காரணம் பெற்ற பிள்ளையாகிய வழக்கம் மட்டும் இன்னும் மறையவில்லை.

தமக்கையார் இதையே எடுத்துக் கூறினார். "ஆயா, ஆபரேஷன் பண்ணிட்டா குட்டியே கிடையாது. ஆம்பிளைக் குட்டியை நாளைக்கே எவனாவது கேட்டு வருவான். இந்தப் பொண்ணை நாம விட்டா அப்புறம் யார் எடுப்பா?" என்றார். பின்பு எம்மை நோக்கி, "தம்பி, நீயே சொல்லு" என்றார்.

எம் நெஞ்சம் தமக்கையார் பக்கமே சாய்ந்தது. மனித இனத்தில் கருவிலேயே பாலறிந்து பெண்ணை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றவேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், பெற்றோர் வேண்டாத பெண் மகவுகளை ஏற்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கவேண்டியிருந்தது. நாய்க்குட்டியையும் மகவையும் யாம் ஒப்பிடவில்லை. ஆனால் அடிவயிற்றைப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கும் அக்கையின் பழக்கம் எங்கோ ஓரிடத்தில் கற்றதே என்னும் எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை. பெண் குருளையையே எடுத்தோம் என்று சொல்வதில் ஒரு பெருமையும் இருந்தது என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

ஆயினும் அன்றிரவு செம்மியைப் பார்த்தோம். அதற்கு அப்போது ஒன்பது வயது. கிழிந்த காது மடங்கிக் கிடக்க, நடையின் குறுக்கே படுத்திருந்தது. பெட்டியிலிருந்த பெண் குட்டியை அது முகர்ந்து பார்த்து, நக்கியும் கொடுத்தது. அதை நம்பலாமா? வெள்ளையையும் அது ஆறு மாதம் நக்கிக் கொடுத்ததே! குட்டிப் பருவத்தில் பெரிய நாய்கள் காட்டும் பொறுமை, குட்டி வளர்ந்தபின்னும் நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இக்குட்டி முழு வலிமை பெறும்போது செம்மிக்குப் பதினொரு வயதாகும். இளையது எழும், முதியது விட்டுக்கொடாது. கருத்தடை செய்தாலும் இவ்விடர் முழுதும் நீங்காது. ஆண் குட்டியாயின் அதற்கு ஒரே பாலினன் கருப்பன்; கருப்பனோ எதிர்த்து நின்று அறியாதது. எந்தக் குட்டி வந்தாலும் ஏற்கெனவே உள்ள ஒன்றுக்கு அது ஒரே பாலாகத்தான் அமையும். ஆகவே, வீட்டில் உள்ளவற்றுள் எது விட்டுக்கொடுக்கும், எது விட்டுக்கொடாது என்பதே தீர்ப்பு. எம் பெருமைக்காகச் செம்மியின் முதுமையையும், இக்குட்டியின் காலையும், ஆயாவின் கையையும் மீண்டும் பணயம் வைத்தல் அறமன்று. வெள்ளைக்குச் செய்ததை இரண்டாம் முறையும் செய்தால் அதனை அறியாமை என்று சொல்லிக்கொள்ளவும் இயலாது.

ஆகவே ஆண் குருளையையே ஏற்றோம். தமக்கையார் காரணத்தைக் கேட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

மறுநாள் காலை அடுத்த வீட்டுக்காரர் வேலியண்டை நின்று, "என்ன வாத்யாரே, இவ்வளவு பேசிட்டு, கடைசியிலே நீங்களும் பொட்டையை விட்டுட்டு ஆம்பிளையத்தானே எடுத்தீங்க!" என்று சிரித்தார். எமக்கு நல்ல விடை ஒன்றும் தோன்றவில்லை. செம்மியின் வயது, கருப்பனின் குணம், 38 இணைகள் என்று அவரிடம் எவ்வாறு விரித்துரைப்பது? ஆராய்ந்து நடப்பவன் செயலும், ஆராயாது வழக்கத்தின்படி நடப்பவன் செயலும் சில வேளைகளில் ஒரே வாயிலில் வந்து சேர்கின்றன. புறத்தே நின்று காண்பவர்க்கு இரண்டும் ஒன்றே. அவற்றினிடையே வேற்றுமை ஏதேனும் உண்டாயின், அது எடுத்த குட்டியினிடத்துப் புலப்படாது. எடாது விட்ட குட்டிக்கு யாம் என்ன செய்தோம் என்பதிலேயே புலப்படும். இது தோன்றியபின் எமக்குச் செய்யவேண்டியது தெளிவாயிற்று.

பெண் குருளையை வாயிலில் வைத்துக்கொண்டு யாரேனும் வருவாரோ என்று காத்திருத்தலை விடுத்து, அதற்குப் பொருத்தமான வீட்டை யாமே தேடிப் புறப்பட்டோம். எத்தகைய வீடு? முன்னரே உள்ள நாய் ஒன்றே ஒன்றாய், ஆணாய், அமைதியானதாய் இருத்தல் வேண்டும். ஆயா மீன் வாங்கும் காசிமேட்டில், வலை பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு கிழ ஆண் நாய் இருந்தது. அவரும் முதலில் குட்டியைத் தூக்கி அடிவயிற்றைப் பார்த்துத் தயங்கினார். "அண்ணே, ஊசியும் எங்க செலவு, ஆபரேஷனும் எங்க செலவு. வேலைக்கு லீவு போட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று தமக்கையார் கூறினார். முதியவர் தம் நாயைக் கூவி அழைத்தார். கடற்கரை மணலில், எவர்க்கும் சொந்தமல்லாத பொதுவிடத்தில், இரண்டையும் சந்திக்கச் செய்தோம். கிழ நாய் ஒருமுறை முகர்ந்துவிட்டு நிழலில் படுத்துக்கொண்டது. குட்டி அதன் வாலருகே சென்று படுத்தது. "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அவர்.

2024-ஆம் ஆண்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையிலிருக்கும் அந்நாட்களில் வலை வேலை மிகுதி. எனினும் முதியவர் ஒரு பகலை ஒதுக்கித் தாமே தமக்கையாருடன் வந்து, குட்டிக்குக் கருத்தடை முடியும்வரை வெளியே அமர்ந்திருந்தார். முதற்பருவம் வருமுன்னரே அது நிறைவேறிற்று. பத்து நாள் அது புண்ணை நக்காதவாறு கழுத்தில் பட்டையிட்டுக் காத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் மகாராணி. இரவில் வலைக்குவியலின்மேல் படுத்து, அயலார் எவரும் அணுகாதவாறு அது காவல் செய்கின்றது. சென்ற ஆண்டு அவருக்கு அறிமுகமான மற்றொருவர் நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டபோது, "பொட்டையாப் பார்த்து எடு, ஆபரேஷன் பண்ணிடு, வீட்டைவிட்டு அசையாது" என்று அவர் உபதேசித்ததை ஆயா மீன் வாங்கப் போனபோது தம் காதால் கேட்டு வந்தார்.

எம் இல்லத்து ஆண் குருளை வளர்ந்து கருப்பனோடு விளையாடிற்று. ஒருமுறை உறுமலும் எழுந்தது. கருப்பன் வழக்கம்போல் புரண்டு படுக்க, அத்துடன் முடிந்தது. செம்மியோடு எந்நாளும் பூசல் இல்லை. 2025-ஆம் ஆண்டில், பதினோராம் வயதில், தன் கம்பளத்தின்மேல், நடையின் குறுக்கே, உறக்கத்திலேயே செம்மி உயிர் நீத்தது. அதன் கடைசி ஆண்டுகளில் ஒருவரும் அதன் இடத்திற்குப் போட்டியிடவில்லை என்பது எமக்கு ஆறுதல்.

இதனால் யாம் வாசகர்க்குச் சொல்லக்கூடியவை சிலவே. உங்கள் இல்லத்தில் ஒரே நாய் இருப்பின், அதற்கு மாறான பாலையுடைய குட்டியைத் தெரிதல் பெரும்பாலும் நலம். இரண்டிற்கும் கருத்தடை செய்தல் அதனினும் நலம். இரு பாலும் ஏற்கெனவே இருப்பின், விட்டுக்கொடுக்கும் குணமுடையது எதுவோ, அதன் பாலைச் சேர்ந்த குட்டியைத் தெரிக. முதற்சந்திப்பைப் பொதுவிடத்தில் நிகழ்த்துக. உணவைத் தனித்தனியே இடுக. விறைத்த மௌனத்தை அலட்சியம் செய்யற்க. சண்டை மூண்டால் இடையே பலகையையோ போர்வையையோ நீட்டுக, கையை நீட்டற்க. இவற்றிற்கெல்லாம் மேலாக, ஒரு பாலைத் தெரிந்துகொண்டீராயின், மற்றப் பாலைச் சேர்ந்த அக்குட்டி எங்கே போகும் என்று ஒருமுறை கேளுங்கள். தெரிவு செய்யும் உரிமை நமக்கு உண்டு; தெரியப்படாததை மறக்கும் உரிமை இல்லை.

செம்மியை முற்றத்து வேம்பின்கீழ் அடக்கம் செய்த அன்று மாலை, ஆயா நெடுநேரம் நடையில் வெறுமையாய்க் கிடந்த கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "இனிமே இங்கே சண்டை போட யாரும் இல்லே. அடுத்த தபா பொட்டையே கொண்டாந்துடு கண்ணு" என்றார். அச்சொல்லை அவர் வாயினின்று இழிவில்லாமல் யாம் கேட்டது அதுவே முதன்முறை.